அவர் குடிக்காத தண்ணீர்

என் வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்த் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று நான் சந்தேகப்பட ஆரம்பித்தது நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில். கதவைச் சாத்துவார். குழாயைத் திறப்பார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வாளியில் விழுந்தால் ஒரு சத்தம், குவளையில் பிடித்து ஊற்றினால் வேறொரு சத்தம். கல்யாணமான நாளிலிருந்து குளியலறையை ஒட்டின அதே சமையலறையில் நிற்கிற எனக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? இது இரண்டும் இல்லை. மெல்லிசாக, நூல் மாதிரி விழுகிற சத்தம். உள்ளங்கையைக் குவித்து ஏந்திக் குடித்தால் இப்படித்தான் கேட்கும் என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துபோய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதி வந்த பிறகும் ஓட்டினார். வழியில் ஒண்ணுக்கு வந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் அடக்கிக்கொள்வார். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் வண்டி எடுப்பார். அப்படி இருந்த மனிதருக்கு, டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு தண்ணீரைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது.

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிர்ப் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே டயாலிசிஸ் நிலையம். வாரத்தில் மூன்று நாள் காலையில் போய்ப் படுத்துக்கொள்வார். மிஷின் அவர் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி, உடம்பில் தேங்கின நீரையும் எடுத்துவிடும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் குடிப்பதெல்லாம் போக வழியில்லாமல் காலிலும் நெஞ்சிலும் தங்கும். ஆனாலும் அவருக்குக் கொஞ்சம் சிறுநீர் போய்க்கொண்டுதான் இருந்தது. டாக்டரும் அதைப் பெரிய விஷயமாகச் சொன்னார். "எவ்வளவு வெளியே போகுதோ, அதுக்கு மேல கொஞ்சம் சேர்த்துக் குடிக்கலாம். அது நின்னுபோச்சுன்னா தண்ணியும் குறையும்" என்றார். அந்தக் கணக்குப்படி நான் ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதற்குள்தான் தேநீர், ரசம், மாத்திரைக்குத் தண்ணீர் எல்லாம்.

நான் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவள் இல்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மீ கோரிங் நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டதாகச் சொன்னார். தாடியில் மீசைக்குக் கீழே ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. ரோஸ் சிரப் கலந்த பால், பண்டோங் குடித்திருக்கிறார். வெள்ளைத் தாடி அவரைக் காட்டிக்கொடுத்தது. இன்னொரு தடவை, தொப்பி வைக்கிற அலமாரியில் இளநீர் டின். அதனால் பெருநாள் கழிந்து டயாலிசிஸ் நிலையத்தில் எடை கூடியிருக்கிறது என்று சொன்னபோது, எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

"அங்கிள், வெயிட் ரொம்ப ஏறிடுச்சு லா. பெருநாளா?" என்றார் அங்கே இருந்த சீன நர்ஸ். கண்டிப்பானவர். கேட்டது அவரிடம், பார்த்தது என்னை.

"ஒண்ணும் குடிக்கலை சிஸ்டர்" என்றார் இவர்.

அடுத்த முறையும் எடை ஏறியிருந்தது. "யூரின் எப்படிப் போகுது?" என்று நர்ஸ் கேட்டார்.

"எப்பவும் போலதான்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வேட்டையில் இறங்கினேன். குளியலறையிலிருந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்துவிட்டேன். பல் துலக்கும் டம்ளரை வெளியே கொண்டுவந்து சிங்க் மேல் வைத்தேன். அவர் வெளியே வந்ததும் உள்ளே போய்த் துண்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால், வாயைத் துடைத்திருக்கிறார். காய்ந்திருந்தால், சட்டையில் துடைத்திருக்கிறார். எப்படியிருந்தாலும் அவர்மேல்தான் குற்றம். முன்பெல்லாம் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் போவார். இப்போது அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போனார். போனால் வரவும் மாட்டார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன்.

"உள்ள என்னாதான் செய்றீங்க?"

"ஒண்ணுக்கு."

"அதுக்கு இவ்வளவு நேரமா? குழாய மூடுங்க."

"வயசாச்சு புள்ள. நின்னு நின்னுதான் வரும்."

குழாய் மூடிய பிறகும் அவர் வர நேரமானது. வெளியே வந்ததும் முதலில் நான் தாடியைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நெற்றியில்தான் வேர்வை. காற்றாடியின் கீழ் உட்கார்ந்து, தொடைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை.

பள்ளிவாசல்மேலும் எனக்குச் சந்தேகம் விழுந்தது. தொழுகைக்கு முன்னால் ஒளூ செய்து முகம் கைகால் கழுவும்போது மூன்று தரம் வாய் கொப்பளிப்பார்கள். ஐந்து வேளைக்கும் அதைக் கூட்டிப் பாருங்கள். அவரோடு கூடவே தொழுகைக்குப் போகிற சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவரும் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். லிப்டடியில் அவரைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"அண்ணே, ஒளூ செய்யும்போது இவரு தண்ணிய துப்புறாரா, முழுங்குறாரா?"

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "அத எவன் தங்கச்சி பார்ப்பான்?"

சரி, இவரும் உடந்தை என்று எடுத்துக்கொண்டேன்.

பூன் லேயில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டால் அவளும் அத்தா பக்கம்தான். "ம்மா, அவர நிம்மதியா டாய்லட்டுக்காவது விடுங்க லா. யூ ஆர் லைக் சிசிடிவி."

"நெஞ்சுல தண்ணி ஏறி மூச்சு முட்டுனா நீ வந்து பார்ப்பியா?" என்று போனை வைத்தேன். எனக்குப் பயம். அந்த நிலையத்தில் இவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு மலாய்க்காரர், அப்படித்தான் ஒரு வாரயிறுதியில் மூச்சு முட்டி ஆம்புலன்சில் போனார். திரும்பி வரவில்லை. அந்தக் கட்டிலில் இப்போது வேறொருவர் படுத்திருக்கிறார்.

நான் வேலை பார்ப்பது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு துணிக்கடை. ரவிக்கை பிரிப்பது, சுருக்குவது, ஓரம் அடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை அசர் தொழுகைக்கு இவரும் சிநேகிதரும் அந்தப் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வருவார்கள். பிறகு தேக்கா சந்தைப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி முன்னதாகவே கடையிலிருந்து கிளம்பினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டியதில்லை. ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற தம்பிமார் விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கில் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் போன் கடை வாசலில், வீடியோ காலில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். எதிரே கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சிநேகிதர் முன்னால் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ. இவர் முன்னால் ஒன்றுமே இல்லை. கடைக்காரர் வந்து என்னவோ கேட்டார், இவர் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். நான் நம்பவில்லை. குடித்து முடித்த கிளாஸை எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து கடையின் பின்பக்கக் கழிவறைக்குப் போனார். வந்தார். உட்கார்ந்தார். திரும்பவும் எழுந்தார். மூன்றாவது தரம் போனவர் வரவில்லை. நான் தெருவைக் கடந்து போனேன். கழிவறைக்கு வெளியே, காலி எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த சுவரில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்னா குடிச்சீங்க? உண்மையச் சொல்லுங்க" என்றேன். அந்த நேரத்திலும் வாயில் அதுதான் வந்தது.

"அல்லாஹ்மேல ஆணையா ஒண்ணும் குடிக்கலை."

"அப்புறம் ஏன் இந்த ஓட்டம்?"

"வரல புள்ள." சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "முட்டுது. ஆனா வர மாட்டேங்குது. குழாயத் தொறந்துவிட்டு நின்னாலும் வரல. நேத்துலேருந்து சொட்டுச் சொட்டாத்தான் வருது."

குழாய்ச் சத்தம் கேட்டால் தன்னால் வரும் என்று யாரோ பழைய டிரைவர் சொல்லிக்கொடுத்த வித்தையாம் அது. ஆக, உள்ளே ஓடின தண்ணீர் ஒன்றும் அவர் வாய்க்குள் போகவில்லை. ஆனால் சந்தேகம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பியது.

"நர்ஸு கேட்டப்ப எப்பவும் போல போகுதுன்னு சொன்னீங்களே?"

சிநேகிதர் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்கார முடியாமல் விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "போகலைன்னு சொன்னா பாட்டில்ல கோட்டக் கீழ எறக்கிடுவே. கிட்னி சுத்தமாப் போச்சுன்னா அது நின்னுடும்னு சொன்னாங்கல்ல. நின்னுடுச்சுன்னு நினைச்சேன். இருக்குற ஒரு வாய் தண்ணியும் போயிடுமேன்னுதான்."

பொய் சொல்லியிருக்கிறார். நான் நினைத்த பொய் அது இல்லை. அவ்வளவுதான்.

சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அவர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி உருண்டையாக இருந்தது. கை பட்டதும் துடித்துப்போனார். சிறுநீரே உண்டாகவில்லை என்றால் இந்த உருண்டை எங்கிருந்து வந்தது? சிநேகிதர் டாக்சி பிடித்தார். அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம்.

அங்கே ஒரு இளம் டாக்டர். டயாலிசிஸ் நோயாளி என்று கேட்டதும் "யூரின் நிற்பது சகஜம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒரு நாளைக்கு யூரின் எவ்வளவு போகும் அங்கிள்?"

"ரெண்டு கப்பு" என்றார் என் வீட்டுக்காரர், வலியில் கண்ணை மூடிக்கொண்டே.

"பொய் டாக்டர்" என்றேன். "ரெண்டு நாளா சொட்டுதான். இப்பத்தான் என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. வயித்தத் தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிற்றில் பசை தடவி, கையளவுக் கருவி ஒன்றை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. அதைக் காட்டி விளக்கினார். சிறுநீரகம் கொஞ்சமாகத்தான் சிறுநீர் உண்டாக்குகிறது. ஆனால் அந்தக் கொஞ்சமும் வெளியேற முடியாமல் நாள்கணக்கில் பையில் சேர்ந்துவிட்டது. உண்டாகாமல் நிற்பது வேறு, உண்டானது அடைபட்டு நிற்பது வேறு. இவருக்கு ரெண்டாவது. இப்படியே விட்டால் கிருமி பிடிக்கும், மிச்சமிருக்கிற சிறுநீரகச் சக்தியும் பின்னழுத்தத்தில் போய்விடும் என்றார்.

சிறுநீரை வடிக்கக் குழாய் போட ஒரு பெண் நர்ஸ் வந்ததும் இவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். ஆண் நர்ஸ் வரும்வரை அந்த வலியோடு காத்திருந்தார். நான் திரைக்கு வெளியே நின்றேன். முதலில் ஒரு முனகல். அப்புறம் நீண்ட பெருமூச்சு. அதற்கப்புறம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. வலி குறைந்து ஒரு மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் தொங்கின பை பாதிக்குமேல் நிறைந்திருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

"அங்கிள், புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். பெருநாள் சமயத்தில் மூக்கு ஒழுகி, தும்மித் தும்மி வீட்டையே ரெண்டாக்கினவருக்கு, திடீரென்று தும்மல் நின்றது ஞாபகம் வந்தது. "தும்மலு எப்படிங்க நின்னுச்சு?" என்றேன்.

அவர் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். உள்ளே சளி மாத்திரை அட்டை. கடையில் தானாகவே வாங்கியிருக்கிறார். ஒன்று போட்டதும் தும்மல் நின்றிருக்கிறது. திரும்ப வந்துவிடக்கூடாதே என்று விடாமல் போட்டிருக்கிறார். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுத் தலையாட்டினார். வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வீங்கி, பாதை ஏற்கெனவே குறுகலாக இருக்கும். இந்த மாதிரிச் சளி மாத்திரை அந்தப் பாதையை இன்னும் இறுக்கிவிடும், பையையும் சுருங்க விடாது. கிட்னி நோயாளி எந்த மாத்திரையையும் கேட்காமல் வாங்கிப் போடவே கூடாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

சில நாள் அந்தக் குழாயோடு வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. பையைக் கைலிக்குள் தொடையோடு கட்டிக்கொள்வார். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும், குழாய் மடங்கக் கூடாது, தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைக் கழுவ வேண்டும். கலங்கலாகப் போனாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். இவ்வளவும் எனக்குப் பாடம். அவருக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அவர் கவலை வேறு.

"மூத்திரப் பையக் கட்டிக்கிட்டு எப்படித் தொழுவுறது?"

யாரிடமும் கேட்க வெட்கப்பட்டுத் தொழாமலே உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளூ செய்துகொண்டு தாராளமாகத் தொழலாம் என்று சொன்னார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் நடந்ததைச் சரியாகச் சொல்லியிருப்பேனா என்று சந்தேகம். போனை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே சொல்லிக் கேட்டபிறகுதான் முசல்லாப் பாயை விரித்தார். சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை.

சுரப்பியின் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். படுக்கும்போது போட வேண்டும். எழுந்திரிக்கும்போது தலை சுற்றும், அதிலும் டயாலிசிஸ் முடிந்த நாளில் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துதான் நிற்க வேண்டும் என்றார்கள். அவர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் துப்பிவிடுவாரோ என்று, முதல் வாரம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். திறந்து காட்டினார்.

குழாயை எடுக்கிற நாளில் மருத்துவமனைக்கு நானும் போனேன். எடுத்த பிறகு தானாக ஒண்ணுக்குப் போகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். அளந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்கள். அதை அவர் குடித்த விதத்தைப் பார்க்க வேண்டும். விருந்து வீட்டில் பாயசம் குடிப்பது போல, நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் குடித்தார். அவருக்குச் சிறுநீர் மெதுவாகத்தான் ஊறும் என்பதால் காத்திருப்பு நீண்டது. மதியச் சாப்பாடு வந்து போனது. பிறகு எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

"வந்துச்சு" என்றார், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

"முழுசாவா?"

"முழுசா."

நான் நர்ஸிடம் போய், "சிஸ்டர், ஒரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாருங்க. இவரு சொல்றத மட்டும் வச்சு விட்டுடாதீங்க" என்றேன். அது எப்படியும் செய்வதுதான் என்று நர்ஸ் சிரித்தார். என் வீட்டுக்காரர் படுத்துச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். பை கிட்டத்தட்டக் காலி. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு டயாலிசிஸ் நிலையத்தில் எடையும் ஒழுங்குக்கு வந்தது. அந்த மாத்திரையோடு நல்லபடியாக ஒரு வருடத்துக்குமேல் ஓடியது. ஜலதோஷம் வந்தால் என்னிடம் வந்து நின்று தும்முவார். நான் நிலையத்துக்குப் போன் போட்டு எதைப் போடலாம் என்று கேட்டுச் சொல்வேன்.

போன மழைக்காலத்தில், ஒரு டயாலிசிஸ் நாள் காலையில், நிலையத்தில் அவர் போர்த்திக்கொள்ளும் போர்வையை நான் மடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். "புள்ள, ரெண்டு நாளா ஒண்ணுக்கு இல்ல. முட்டவும் இல்ல, வலியும் இல்ல. சும்மாவே இல்ல."

கேட்டதும் கை அவர் அடிவயிற்றுக்குத்தான் போனது. மெத்தென்று இருந்தது. அதை நான் நம்பவில்லை. நர்ஸிடம் சொன்னேன், டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே கருவியை வைத்துப் பார்த்தார்கள். திரையில் கறுப்பு வட்டம் இல்லை. அடைப்பு இல்லை. இந்தத் தடவை உண்மையிலேயே வற்றிவிட்டது. நோய் போகிற பாதைதான், யாருடைய தப்பும் இல்லை என்றார் டாக்டர். இன்னொரு கருவியில் பார்க்கட்டுமா, வேறு இடத்தில் காட்டட்டுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவர்தான் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

"போதும். வா."

எம்ஆர்டி ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு வந்து, பாட்டிலில் கோட்டைக் கீழே இறக்காமலே சோறு போட்டேன். தட்டுக்குப் பக்கத்தில் வழக்கம்போல ரசக் கிண்ணத்தை வைத்தேன். அவர் அதில் ரெண்டு கரண்டி மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளினார். நான் அவர் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டே அந்த ரசத்தைக் குடித்து முடித்தேன்.